இறங்கத் தெரியாதவன்

கப்பலூர்ப் பட்டறைகளைக் கடக்கையில் மண்ணெண்ணெய் வாசனை முகத்தில் அறைகிறது. துருப்பிடித்த இரும்பை அதில்தான் கழுவுகிறார்கள். பெரியப்பா என்னோடு காரில் வந்தால் இங்கே மட்டும் கண்ணாடியை இறக்கச் சொல்வார். "எங்க பிளேன் குடிச்சது இதுக்கு அண்ணன் தம்பிதான்," என்பார். மதுரையில் பிறந்த மனிதர் போர்க்கப்பலின் முதுகிலிருந்து சண்டை விமானம் ஓட்டினார் என்பதைத் திருநகரில் பாதிப் பேர் நம்பவேயில்லை. "கப்பல்ல எதுக்குண்ணே பிளேனு?" என்று டீக்கடையில் ஒருவன் கேட்டான். "நடுக்கடல்ல நின்னு கல்லெறிஞ்சா கரைக்கு எட்டாதுல்ல மாப்ள," என்றார்.

அந்தக் கேலி அணைந்துபோகும் பேச்சு ஒன்று உண்டு. எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் அவரோடு பறந்த நண்பர், வாடிப்பட்டி விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. எதிரித் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுத் திரும்பி வந்து, தன் கப்பலில் இறங்கும்போது கடலுக்குள் போய்விட்டார். உடல் கிடைக்கவில்லை. ஊர் அதையும் பழமொழியாக்கியது: "ஏறத் தெரிஞ்சவனுக்கு எறங்கத் தெரியல." நண்பரின் தங்கை அந்தச் சொலவடையைக் குழாயடியில் கேட்டார், கல்யாணப் பேச்சில் கேட்டார், பேரன் எடுத்த பிறகும் கேட்டார். எந்த ஊர் தன் பிள்ளையின் சாவை இப்படி மென்று துப்பும்?

போன வருஷம் திருநகரில், போரில் இறந்தவர்களுக்கு நினைவுக்கல் வைக்க ஒரு கமிட்டி கிளம்பியது. நண்பரின் பெயரையும் வெட்டச் சொல்லிப் பெரியப்பா கேட்டார். "குண்டு பட்டுச் செத்தா வீரமரணம் சார். எறங்குறப்ப போனது ஆக்சிடென்ட்தானே?" என்றார் தலைவர்.

"கப்பல் என்ன மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டாய்யா, பையத் தூக்கிட்டுப் பைய எறங்குறதுக்கு?"

பெரியப்பா கத்தி நான் கேட்டது அன்றுதான். அலையில் ஏறி இறங்கும் கப்பலின் மேல்தட்டு. குறுக்கே இரும்புக் கம்பிகள். விமானத்தின் வாலிலுள்ள கொக்கி அதில் ஒன்றைக் கவ்வ வேண்டும். சக்கரம் தட்டில் பட்ட கணம் எஞ்சினை முழுவீச்சில் முடுக்குவார்கள், கொக்கி தவறினால் மறுபடி பறந்தாக வேண்டுமே. நிற்பதற்காக வருகிறவன் பறப்பதற்கும் தயாராக வருகிறான். இதையெல்லாம் கேட்டுக் கொட்டாவி விட்ட தலைவர், தன் காரைப் பின்னால் எடுக்க ரெண்டு பேரைக் கைகாட்டச் சொல்கிறவர்.

ஆனாலும் பிளெக்ஸ் போர்டில் ஒரு பைலட் முகம் தேவைப்பட்டது. பெயரை வெட்டச் சம்மதித்தார்கள். விழாவில் திரை விலகியது. எல்லாப் பெயருக்கும் பக்கத்தில் 'வீரமரணம்'. கடைசிப் பெயருக்குப் பக்கத்தில் 'விபத்து'. தங்கை புதுப்புடவையில் வந்திருந்தார். எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படித்தார். அந்தச் சொல்லில் விரல் நின்றது.

பெரியப்பா மைக்கைப் பிடுங்கினார். "போன எடத்துல அவன் வேல முடிஞ்சிருச்சு. ஆனா சண்ட முடியல. கப்பலுக்கு வந்து சேர்றதும் சண்டதான்யா! அதுல செத்தவன..." மைக்கை அணைத்துப் பாட்டைப் போட்டார்கள். கூட்டம் கைதட்டியது. எதற்கு என்று அதற்கே தெரியாது.

ஐப்பசி மழையில் பெரியப்பா போய்ச் சேர்ந்தார். சொல் கல்லிலேயே இருந்தது. இந்தத் தை மாதம்தான் பார்த்தேன்: பெயர் அப்படியே இருக்கிறது, அந்தச் சொல் இருந்த இடம் மட்டும் பொத்தல் பொத்தலாகப் பள்ளம். கமிட்டி கொதிக்கிறது. கல்லைச் சேதப்படுத்திய கயவர்களாம், போலீசில் புகாராம். ஒரு மனிதனை ஐம்பது வருஷம் சேதப்படுத்தியதற்கு எந்த ஸ்டேஷனில் புகார் கொடுப்பது?

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. விழா முடிந்த அன்று மாலை நானும் பெரியப்பாவும் நண்பரின் தங்கையை பஸ் ஏற்றிவிடப் போனோம். "பேரத்தான் வெட்ட வைக்க முடிஞ்சதும்மா, அந்தச் சொல்ல நிறுத்த முடியல," என்று பெரியப்பா தலைகுனிந்தார். படியில் கால் வைத்த தங்கை திரும்பினார்.

"பேரு இருக்குல்லண்ணே, அது போதும். அம்மி கொத்துற உளி வீட்ல கெடக்கு. வாரேன்."