எதிராளியின் ட்ரிகர்

பல் டாக்டரம்மாவுக்குப் பல்லைவிடத் துப்பாக்கி மேல்தான் பிரியம். போட்டிக்கென்று வாங்கிய காற்றுத் துப்பாக்கியில் பன்னிரண்டு வருடத்தில் கைப்பிடி, ட்ரிகர், பேரல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார். மாறாமல் இருந்தது அவருடைய மதிப்பெண் மட்டும்தான். ஆனால் கிளப்பில் யாருடைய துப்பாக்கி மக்கர் செய்தாலும் அவர் கைக்குத்தான் வரும்.

அந்த வருடம் இறுதிச் சுற்றுக்குள் நுழைய அவருக்கு முதன்முறையாக வாய்ப்பு இருந்தது. எட்டுப் பேருக்குத்தான் இடம். போட்டி தொடங்கப் பத்து நிமிடம் இருக்கையில், அதே போட்டியில் சுட வந்திருந்த வங்கி மேலாளர் முகம் வெளிறி ஓடி வந்தார்.

"டாக்டர், ட்ரிகர் அழுந்தவே மாட்டேங்குது!"

பின்வரிசையிலிருந்து டாக்டரம்மாவின் கணவர் வேண்டாமென்று கண்ஜாடை காட்டினார். அதைப் பார்க்காதவர்போல் அவர் சின்னத் திருப்புளியை எடுத்தார். கழன்றிருந்த திருகை இறுக்கினார். கை சும்மா இருக்கவில்லை. எவ்வளவு அழுத்தினால் ட்ரிகர் நழுவும் என்ற பதத்தையும் சீராக்கிக் கொடுத்தார்.

மேலாளர் எட்டாவதாக உள்ளே போனார். ஒரு புள்ளி குறைந்து டாக்டரம்மா ஒன்பதாவது.

"திருகை இறுக்கினது சரி. பதம் வேற பாக்கணுமா? சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டியே!" என்றார் கணவர், காரில்.

டாக்டரம்மா திருப்புளியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"அரைகுறையா எப்படிங்க கொடுக்கறது?"

அடுத்த வாரம் கிளினிக்கில் மூன்று பேர் பல்வலி இல்லாமலேயே காத்திருந்தார்கள். மூவர் மடியிலும் துப்பாக்கிப் பெட்டி. மூவருமே அவரைத் தோற்கடித்தவர்கள்.