கூட்ஸ் வண்டி போகிறவரை

என் மாமியாரின் கிராமத்துக்கு அரசாங்கச் செலவில் இன்டர்நெட் கேபிள் வந்ததிலிருந்து, தினமும் சாயங்காலம் வீடியோ காலில் வந்துவிடுவார். கொருக்குப்பேட்டையில் எங்கள் வீடு தண்டவாளத்தை ஒட்டினாற்போல இருக்கிறது. கூட்ஸ் வண்டி போனால் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து பேசுவோம். இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான். அவருக்கோ கரகரவென்ற சத்தமும் அசையாத முகங்களும்தான் தெரிந்திருக்கின்றன. "இவ்ளோ பணம் போட்டு இழுத்த கேபிளு, நின்னு நின்னு போவுதே" என்று பஞ்சாயத்து ஆபீசில் சண்டையே போட்டிருக்கிறார். எனக்குப் பேஜாராகிவிட்டது. மனைவிதான் போனை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வண்டியைக் காட்டினாள்.

இப்போது நாங்கள் நிறுத்தினால் அவரும் அங்கே வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறார். கடைசிப் பெட்டி போனதும், மகள் பாதியில் விட்ட வார்த்தையை அவர்தான் எடுத்துக் கொடுக்கிறார்.