பத்திரமாக வைத்த பத்திரம்

அந்தப் பெண் ஒரு திங்கட்கிழமை காலையில் தன் பிறப்புச் சான்றிதழை என் கையில் தந்தபோது, "பத்திரமா வச்சிருங்க சேர், இது ஒண்ணுதான் இருக்கு" என்றாள். மஹய்யாவ பகுதியில் குடியிருப்பவள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குத் தாதியரைப் பயிற்றி அனுப்பும் நிலையம் ஒன்றில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. சான்றிதழ் சிங்களத்தில் இருந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் மூலத்தையும் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குள் கண்டி நகரிலுள்ள அவர்களது அலுவலகத்தில் கையளிக்க வேண்டும். தவறினால் அந்த இடம் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். மூலப் பிரதியைப் பெறுவதற்கே அவள் இரண்டு முறை வத்தேகம பதிவு அலுவலகத்துக்குப் போய்வந்திருந்தாள், துணிக்கடை வேலைக்கு இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு.

நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். கெலிஓயாவில் என் வீட்டு முன்னறையில் பதினொரு ஆண்டுகளாகப் பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றி வருகிறேன். ஒரு பக்கச் சான்றிதழுக்கு எனக்கு அரைமணி நேரம் போதும், இது மிகையன்று. ஆனால் அந்த அரைமணி நேரத்தைத் தொடங்குவது எனக்கு வாழ்நாள் முழுவதும் கைவரவில்லை.

இதற்கு ஒரு பெயர் உண்டு என்பதை அதற்கு முந்தைய ஆண்டுதான், அறுபத்தைந்தாம் வயதில் அறிந்தேன். கவனக்குறைவு மிகைச்செயற்பாட்டுக் குறைபாடு, ஆங்கிலத்தில் ஏ.டி.எச்.டி., என்று மருத்துவர் எழுதித் தந்தார். இச்சொல்லாக்கத்தோடு எனக்குப் பிணக்கு உண்டு. கவனக்குறைவு என்பது வீதியோரப் பலகைகளிலும் பள்ளி அறிக்கைகளிலும் ஒருவரைக் குற்றஞ்சாட்டுவதற்குப் பயன்படும் சொல். என் கவனம் குறைந்திருந்த நாள் ஒன்றையும் என்னால் நினைவுகூர முடியவில்லை. அது எங்கோ ஓரிடத்தில் முழுமையாகக் குவிந்தே இருந்திருக்கிறது. நான் ஏவிய இடத்திற்கு அது போனதில்லை என்பதே என் முறைப்பாடு.

அந்த மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. கண்டி நகரில் பரம்பரையாக வணிகம் செய்த இஸ்லாமியக் குடும்பத்தவர். என் பிணக்கைக் கேட்டுச் சிரித்தார்.

"சரி சேர், பேர விடுங்க. ஒங்கட மூளைக்கு ஒரு வேல முக்கியம் எண்டு தெரிஞ்சா மட்டும் போதாது. அது ருசியா இரிக்கணும், இல்லாட்டி நெருப்புப் பத்தி எரியணும். ரெண்டும் இல்லாட்டி ஸ்டார்ட் ஆகாது. மத்தவங்களுக்கு அந்தக் கெமிக்கல் தானா வரும். ஒங்களுக்கு வாறது கஷ்டம்."

"இவ்வளவு காலமும் நான் என்னைச் சோம்பேறின்னுல்ல நெனச்சேன்."

"சோம்பேறிக்குக் களைக்காது சேர். ஒங்களுக்கு எந்த நேரமும் களைப்பு எண்டுதானே சொன்னீங்க."

மாத்திரையோடு ஓர் அறிவுரையும் தந்தார். "பத்திரமான எடம் எண்டு புதுசு புதுசா கண்டுபிடிக்காதீங்க. ஒரே ஒரு தட்டு. எல்லாத்தயும் அதுலயே போடுங்க." என் மனைவி மறுநாளே காகிதங்கள் போடும் நீலத் தட்டு ஒன்றை வாங்கி மேசை ஓரத்தில் வைத்தாள்.

அந்தத் திங்கட்கிழமையும் தட்டு அங்கேதான் இருந்தது. நான் சான்றிதழை அதில் போட்டிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெண் வாயிலைக் கடந்து போனதும் அவள் சொன்ன சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. பத்திரம் என்றால் எழுத்துச் சான்று. பத்திரம் என்றால் காப்பும்கூட. பத்திரத்தைப் பத்திரமாக வை என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம். இரண்டும் வடமொழியிலிருந்து வந்தவை. ஆனால் அங்கே ஒன்று ஓலையைக் குறிக்கும் சொல், மற்றது நன்மையைக் குறிக்கும் சொல். வேறுவேறு ஒலியுடைய இரு சொற்கள் தமிழ் எழுத்தில் ஏறியதும் ஒன்றாகிவிட்டன. நான் பேரகராதியின் தொகுதிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தேன். எழுந்தபோது பிற்பகல் இரண்டரை. தேநீர் ஆறி ஆடை படிந்திருந்தது. மனைவி மூன்று முறை சாப்பிட அழைத்தாளாம். மூன்று முறையும் நான் "இதோ" என்று விடை கூறினேனாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை.

புதன்கிழமை மாலை அந்தப் பெண் தொலைபேசியில் அழைத்து வேலை முடிந்ததா என்று கேட்டாள். "பாதி முடிஞ்சிருச்சு மகள்" என்றேன். நான் தொடங்கியிருக்கவில்லை. என் பொய்களில் ஏமாற்றும் நோக்கம் இருந்ததில்லை என்று நெடுங்காலம் நம்பி வந்தேன். அரைமணி நேர வேலைதானே, சொல்லி முடித்த கையோடு செய்துவிட்டால் அது மெய்யாகிவிடும் என்ற கணக்கு. எனக்குக் காலம் என்பது இப்போது, பிறகு என்ற இரண்டாகவே தெரியும். வெள்ளிக்கிழமை அந்தப் பிறகுக்குள் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் மீண்டும் அழைத்தாள்.

"சேர், முடிஞ்சிச்சா? வரட்டா?"

"முடிஞ்சிருச்சு. வாங்க."

தொலைபேசியை வைத்துவிட்டு திறமையாகச் செயல்படப் போகும் ஒருவனைப் போல நீலத் தட்டை அருகே இழுத்தேன். அதில் மின்கட்டணச் சீட்டும் மூக்குக்கண்ணாடி உறையும் இருந்தன. சான்றிதழ் இல்லை.

அதன் பின்னர் நடந்ததைத் தேடல் என்று சொல்வது பொருந்தாது. ஓர் இழுப்பறையைத் திறப்பேன். அதற்குள் இருக்கும் பழைய கடிதம் ஒன்று என்னை இழுக்கும். நெஞ்சு படபடக்க, வியர்வை வழிய, அந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் நின்றபடியே படிப்பேன். என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கண் அடுத்த வரிக்குப் போகும். இதை ஒருமுறையேனும் உள்ளிருந்து அறியாதவர்க்கு விளக்குவது கடினம். காய்ச்சலில் கிடப்பவன் தன் கையை உயர்த்த எண்ணியும் கை உயராதிருப்பதைப் போன்றது அது.

மனைவி அலுமாரியின் கீழ்த்தட்டைத் துழாவிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க, தேடுறீங்களா, வாசிக்கிறீங்களா?"

பன்னிரண்டு மணிக்கு அந்தப் பெண் வந்துவிட்டாள். வேலைக்குப் போகும் உடையில், கையில் ஒரு கோப்போடு. மனைவி கதிரையை இழுத்துப் போட்டாள். நான் முன்னறை நடுவே நின்றேன். இன்னொரு பொய் வாய் வரைக்கும் வந்தது. அச்சுப்பொறி பழுது என்று சொல்லியிருக்கலாம். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மகள், சான்றிதழ வச்ச எடம் தெரியல. வேலயும் தொடங்கல."

"முடிஞ்சிருச்சின்னு சொன்னீங்களே சேர்."

"சொன்னேன். பொய் சொன்னேன்."

அவள் கோப்பை மடியில் வைத்து அதன் மேல் இரு கைகளையும் வைத்துக்கொண்டாள். சான்றிதழின் படம் அவளுடைய கைபேசியில் இருந்தது. அதைப் பார்த்து மொழிபெயர்க்கலாம். ஆனால் மூலத்தைக் கண்ணால் காணாமல் நான் முத்திரை வைக்க முடியாது. மூலம் இல்லாமல் அவர்கள் விண்ணப்பத்தை ஏற்கவும் மாட்டார்கள். இது அவளுக்கும் தெரியும்.

"எனக்கு ஒரு வருத்தம் இருக்கு மகள். டொக்டரே சொன்னாங்க, மூளையில..." என்று தொடங்கினேன்.

"வருத்தம்னா எனக்கு வெளங்கும் சேர். எங்க மாமாவுக்கும் ஏதோ அப்படித்தான் சொன்னாங்க. ஆனா மூணு மணிக்கு மூடிருவாங்க."

மீண்டும் அகராதித் தொகுதிகளிடம் போனேன். பத்திரம் என்ற சொல் உள்ள பக்கத்தை விரித்தேன். காலையிலேயே இருமுறை பார்த்த பக்கம்தான். வெறுமை. தொகுதியைத் தலைகீழாக உதறினேன். ஒரு பேருந்துச் சீட்டு விழுந்தது. நேரம் ஒன்றாகியிருந்தது. அந்தப் பெண் சாளரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாளா என்று நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை.

மனைவி தரையில் கிடந்த தொகுதிகளைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குப் பூரா அந்தச் சொல்லோடதானே இருந்தீங்க?"

"அந்தப் பக்கத்துல இல்ல. பாத்தாச்சு."

"நீங்க என்னைக்கி அந்தச் சொல்லோட நின்னீங்க? அது வடசொல்லுன்னு தெரிஞ்சா, தமிழ்ச் சொல்லத் தேடிப் போவீங்களே. பத்திரத்துக்கு நீங்க என்ன சொல்லுவீங்க?"

"ஆவணம்" என்றேன்.

முதல் தொகுதியை அவளே எடுத்தாள். ஆவணம் என்ற சொல் உள்ள பக்கத்தில், நான்காக மடிக்காமல், ஒரு சுருக்கமும் விழாமல், சான்றிதழ் இருந்தது. ஆவணத்தை அதற்குரிய சொல்லின் அருகிலேயே வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அதைவிடக் காப்பான இடம் உலகில் இல்லை என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மணி ஒன்றேகால். நான் கணினியின் முன் அமர்ந்தேன்.

அதற்குப் பின் எனக்கு நேர்ந்ததை நாணத்தோடுதான் எழுதுகிறேன். அறையில் இருந்த ஓசைகள் எல்லாம் அடங்கின. ஒவ்வொரு கட்டமும், ஒவ்வொரு திகதியும், தந்தையின் தொழிலைக் குறித்த அழிந்துபோன எழுத்துகளும் தெளிவாகத் தெரிந்தன. தேடலின்போது மரத்துக் கிடந்த விரல்கள் தாமாகவே இயங்கின. மூன்று முறை ஒப்புநோக்கினேன். ஒரு பிழையும் இல்லை. மருத்துவர் சொன்ன நெருப்பு மூண்டுவிட்டது. அறுபது ஆண்டுகளாக நான் செய்த நல்ல வேலைகள் அனைத்தும் இப்படித்தான் முடிந்தன. முத்திரையை அழுத்தி நிமிர்ந்தபோது எனக்கு உண்மையிலேயே இன்பமாக இருந்தது.

அந்தப் பெண் எதிரே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பிடித்திருந்த கோப்பு ஆடிக்கொண்டிருந்தது.

"நான் வந்த நேரம் நீங்க நடுங்குனீங்க சேர். இப்ப நான் நடுங்குறேன். நீங்க நல்லா இருக்கீங்க."

குற்றஞ்சாட்டும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. கண்டதைச் சொன்னாள். என் நெருப்புக்கு விறகு எங்கிருந்து வந்தது என்பதை அதுவரை நான் கேட்டுப் பார்த்ததில்லை. ஆண்டு இறுதித் தேர்வு மதிப்பெண்களுக்காகக் காத்திருந்த மாணவர், அலுவலக வரிசைகளில் என் கடிதத்துக்காக நின்றவர், உணவோடு காத்திருந்த மனைவி. எரிந்தது அவர்களுடைய நேரம்.

வெள்ளிக்கிழமையாதலால் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த முச்சக்கர வண்டிக்காரர்கள் அப்போதுதான் சந்திக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மனைவி ஓடிப்போய் ஒரு வண்டியைக் கூட்டிவந்தாள். ஒன்றே முக்காலுக்கு வண்டி புறப்பட்டது. பேராதனையில் பள்ளிகள் விடும் நேரம். அந்தப் பாதை சில நாட்களில் அரைமணி, சில நாட்களில் ஒன்றரை மணி.

காத்திருத்தல் எனக்கு வேலையைவிடக் கடினம். எழுந்தேன், அமர்ந்தேன், தொகுதிகளை அடுக்கினேன், ஒன்றையும் திறக்காதிருக்கக் கைகளைக் கட்டிக்கொண்டேன். இரண்டரை. இரண்டே முக்கால். மனைவி அடுக்களையில் பாத்திரத்தின் ஓசைகூட எழாமல் வேலை செய்தாள். மூன்று மணி கடந்து ஒன்பது நிமிடங்கள் ஆனபோது தொலைபேசி ஒலித்தது.

"வாங்கிட்டாங்க சேர். ஏழு நிமிஷந்தான் இருந்திச்சு. ஒண்ணும் பிழ இல்லயாம், நல்லா செஞ்சிருக்குன்னாங்க."

"நல்லது மகள்."

பின்னணியில் பேருந்து ஒலிப்பான் கேட்டது.

"தங்கச்சியோடதயும் ஒங்ககிட்டதான் தர இருந்தேன். வேற ஆளப் பாத்துக்கிறேன் சேர். கோவிச்சிக்காதீங்க."

"கோவமில்ல. அதுதான் சரி" என்றேன். கண்டியில் எனக்குத் தெரிந்த, நம்பத்தகுந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் இலக்கத்தைச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டு, திருப்பி ஒருமுறை வாசித்துக் காட்டினாள்.

"அந்தப் புள்ள என்ன சொல்லிச்சு?" என்று மனைவி கேட்டாள். முதற்பாதியை மட்டும் சொல்ல மனம் விழைந்தது. இரண்டையும் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அமர்ந்தாள்.

"இனி ஆக்கள உக்கார வச்சே செஞ்சு குடுங்க. யாருட கடதாசியும் இந்த வீட்டுல ராத்தங்க வேணாம்."

அதன்படியே இப்போது நடக்கிறது. வருபவர் எதிரே கதிரையில் அமர்ந்திருப்பார்; மூலம் மேசையில் இருவருக்கும் நடுவே கிடக்கும்; முடிந்ததும் அவர் கையிலேயே அதைத் திருப்பித் தந்துவிடுகிறேன். சிலருக்கு அப்படிக் காத்திருக்கப் பொழுதில்லை, வேறிடம் போய்விடுகிறார்கள். நாளொன்றுக்கு மூவருக்கு மேல் என்னால் முடிவதில்லை. மாலையில் தலை கனத்துப் போகிறது.

அந்தப் பெண்ணின் தங்கை வரவில்லை.