வேண்டாம் என்பதற்கு ஒரு சுவிட்ச்

மென்பொருள் தொழிலில் ‘இதையும் சேருங்கள்’ என்பவர்களுக்குப் பஞ்சமே இல்லை. ‘இது எனக்கு வேண்டாம்’ என்பவருக்கு வழி செய்து கொடுக்கத்தான் ஆள் கிடையாது. அந்த ஆள் நான். கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரத்தில் ஒரு மாடி அறை. அதில் நானும் யூசுப்பும். யூசுப் கோட்டக்குப்பத்துக்காரர். வீட்டில் அண்ணன் தம்பி எல்லோரும் வளைகுடாவுக்குப் போக, இவர் மட்டும் விழுப்புரத்துக்கு வந்து என்னிடம் மாட்டிக்கொண்டார். கடைகளிலும் மண்டிகளிலும் எடை போட்டு பில் அடிக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்று இருக்கிறது. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதுவது; அதன் கோடை, அதாவது மூல நிரலை, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தி, தங்களுக்கு ஏற்றபடி ஓடும் மென்பொருளாகக் கட்டிக்கொள்ளலாம். அப்படிக் கட்டி, இந்தப் பக்கத்துக் கடைகளில் போட்டுக் கொடுப்பது எங்கள் பிழைப்பு.

வேண்டாத பகுதிகளை விட்டுவிட்டுக் கட்டுவதற்கு அதில் நாங்கள் சுவிட்சுகள் வைத்தோம். அவற்றை மேலே இருப்பவர்கள், அதாவது அந்த மென்பொருளைப் பராமரிப்பவர்கள், மூலக் கோடிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்காவிட்டால், புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் எங்கள் திருத்தத்தை முதலிலிருந்து ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இரண்டு பேரால் அது ஆகாது. கடையைக் கட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். கோடைக் கட்டும் ‘பில்டை’ ஓடவிட்டு மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சகபாடிகளே, உங்களுக்கு நாங்கள் பட்ட பாட்டை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களும் வாருங்கள், இடம் இருக்கிறது.

சீட்டு வராத காலை

திண்டிவனத்தில் ஏகாம்பரம் முதலாளியின் மண்டி. வேர்க்கடலையை இந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்போம். அது வந்து இறங்கும் பருவத்தில் மண்டிக்குள் கால் வைக்க இடம் இருக்காது. எங்கள் மென்பொருளை அங்கே போட்ட முதல் நாள், முதல் மூட்டை தராசில் ஏறியது, எண் வந்தது, சீட்டு வரவில்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வெளியே மாட்டுவண்டியும் மினி லாரியும் ரோடு வரைக்கும் நின்றன.

காரணம் தெரிந்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. பார்கோடு படிக்கும் பகுதி, கார்டு தேய்க்கும் பகுதி, அடிக்கடி வருகிற வாடிக்கையாளருக்குப் புள்ளி போடும் பகுதி, டெலிவரிக்கு வரைபடம் காட்டும் பகுதி என்று சகலமும் அந்தப் பழைய கம்ப்யூட்டரில் ஒன்றாக விழித்துக்கொண்டிருந்தன. மல்லாட்டை மூட்டைக்கு எதற்கு வரைபடம்? வேண்டாமென்றால் எடுத்துவிடலாமே என்று பார்த்தால், எடுக்க வழியே வைக்கவில்லை. எழுதியவர்கள் நல்லவர்கள்தான், வேண்டாம் என்று ஒருவர் சொல்லக்கூடும் என்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை. ஏகாம்பரம் கோபப்படவில்லை. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நிதானமாகச் சொன்னார்.

“மல்லாட்ட எட போடத்தாம்மா கேட்டேன். நீங்க சூப்பர் மார்க்கெட்டையே தூக்கினு வந்து உள்ள வெச்சிட்டீங்க.”

அழையாத விருந்தாளி

அன்று ஊருக்குத் திரும்பியதும் வேலையை ஆரம்பித்தோம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சுவிட்ச். கட்டுவதற்கு முன்னால் வேண்டும், வேண்டாம் என்று எழுதிவிட்டால் போதும். வேண்டாதது உள்ளே வரவே வராது. ஏகாம்பரத்தின் மண்டியில் சீட்டு டக்கென்று வந்தது. நான் தரையில் நடக்கவில்லை.

பிறகு விழுப்புரத்தில் ஒரு செக்கு எண்ணெய்க் கடைக்குப் போட்டோம். யூசுப்பின் லேப்டாப்பில் கட்டியது அங்கேயே அழகாக ஓடியது. கடையில் கொண்டுபோய்ப் போட்டால் திறக்கவே மாட்டேன் என்றது. பார்கோடு படிப்பதற்கான துணை நிரல் இல்லை என்று புகார் வேறு. எண்ணெய்க் கடையில் பார்கோடை யார் கேட்டார்கள்? தேடித் தேடிக் கண் பூத்துப்போய், கடைசியில் பிடித்தோம். நாங்கள் சுவிட்ச் வைக்க விட்டுப்போன ஒரு மூலையில், ‘கட்டுகிற கம்ப்யூட்டரில் அந்தத் துணை நிரல் இருந்தால் நீயே சேர்த்துக்கொள்’ என்று எவரோ அன்போடு எழுதி வைத்திருந்தார்கள். யூசுப்பின் லேப்டாப்பில் இல்லாத நிரலே கிடையாது. எதைப் பார்த்தாலும் இறக்கிப் போட்டுக்கொள்வார். ஆகவே அதுவும் சத்தமில்லாமல் உள்ளே ஏறிக்கொண்டது.

அந்த ‘இருந்தால் சேர்’ வழக்கத்தையே ஒழித்தேன். வேண்டும் என்றால் வேண்டும். பொருள் இல்லாவிட்டால் கட்டுகிற வேலை அங்கேயே நின்று, இது இல்லை என்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் வீடு நிறைய இருந்தாலும் தொடக்கூடாது. ஒழித்து முடித்த அன்றைக்கு யூசுப் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

“எங்க ஊர்ல கூப்பிட்டாத்தாங்க கல்யாணத்துக்குப் போவோம். இது கூப்பிடாமயே வந்து பந்தில உக்காந்துக்கினு கீதே.”

முதல் மூட்டைக்குப் பெயர்

எடையை வாய்விட்டுச் சொல்லும் குரல் பகுதி ஒன்று இருந்தது. மண்டிக்கு எதற்குக் குரல் என்று அதையும் ‘வேண்டாம்’ பக்கம் தள்ளியிருந்தேன். ஓமந்தூர்ப் பக்கத்திலிருந்து மல்லாட்டை கொண்டுவரும் செந்தாமரை அக்கா சண்டைக்கு வந்துவிட்டார். மூட்டை குவிந்து கிடக்கிற இடத்தில் நிற்பவருக்குத் திரை தெரியாது. எடையைக் காதால் கேட்டால்தான் தனக்கு நம்பிக்கை என்றார். நியாயம்தான். சுவிட்சைப் போட்டோம்.

குரல், “ஒன்று, நாற்பது கிலோ” என்றது. மண்டியே அப்படியே நின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் தானியம் அளக்கும்போது யாரும் ஒன்று என்று ஆரம்பிப்பதில்லை. முதல் எண்ணுக்கு லாபம் என்றுதான் பெயர், அப்புறம்தான் ரெண்டு, மூணு. அன்றைய முதல் மூட்டைக்கே மிஷின் இப்படிப் பேசினால் விளங்குமா என்று மூட்டை தூக்குகிறவர் தோளிலிருந்த மூட்டையை இறக்கி வைத்துவிட்டார். அங்கேயே உட்கார்ந்து, முதல் எண்ணுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதையும் கடைக்காரரே எழுதிக்கொள்ளும்படி மாற்றினேன். மேலே அனுப்பியபோது, எண்ணிக்கை லாபத்தில் தொடங்குவது மொழிபெயர்ப்புப் பிழையா என்று ஒருவர் கேட்டார். பிழை இல்லை, மரியாதை என்று பதில் எழுதினேன். அதை எழுதியபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது உண்மை.

மண்டியில் குரல் திருத்தமாக “லாபம்” என்று ஆரம்பித்ததும் செந்தாமரை அக்கா முந்தானையை உதறிக்கொண்டு சொன்னார்.

“மிஷினே லாபம்னு சொல்லக் கத்துக்கிச்சு. வெல சொல்றவங்கதான் இன்னும் கத்துக்கல.”

மேற்கிலிருந்து வந்த கேள்வி

எல்லாச் சுவிட்சுகளையும் சேர்த்து, மூலக் கோடில் ஏற்கச் சொல்லி அனுப்பினோம். அந்த மென்பொருளுக்குத் தலைமைப் பராமரிப்பாளர் ஒருவர் இருக்கிறார். எந்த நாடு என்று நான் கேட்டதில்லை. பதில் வருகிற நேரத்தை வைத்து நமக்கு மேற்கே என்று தெரியும். அவர் மறுத்துவிட்டார். ஒரு சுவிட்சுக்கு இரண்டு நிலை. அடுத்த சுவிட்ச் வந்தால் சோதிக்க வேண்டியது இரட்டிப்பாகும், அதற்கடுத்தது மறுபடி இரட்டிப்பாகும். எல்லோரும் புதுக் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் போட்டுத்தான் சோதிக்கிறார்கள், அணைத்துப் பார்க்க ஆள் இல்லை என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பத்தி பத்தியாகப் பதில் எழுதி அழித்தேன். அழித்ததற்குக் காரணம், மனுஷன் சொன்னது சரி. சரியான ஆளிடம் தோற்பதைப் போல எரிச்சல் வேறு கிடையாது. அன்று யூசுப் துபாயில் இருக்கும் அண்ணனோடு போனில் நெடுநேரம் பேசினார். அங்கே வேலை ஏதாவது இருக்கிறதா என்றுதான் கேட்டிருப்பார்; நான் விசாரிக்கவில்லை. பராமரிப்பாளரின் கடைசி வரி மட்டும் திரையில் அப்படியே இருந்தது.

“சுவிட்ச் வைப்பது ஒரு நாள் வேலை. அது வேலை செய்கிறதா என்று ஆயுள் முழுக்கப் பார்க்கப்போவது யார்?”

திண்டிவனம் சொன்னால்தான்

யார் என்று கேட்டார் அல்லவா? நாங்கள்தான் என்று முடிவு செய்தோம். கோடில் யார் எதை மாற்றினாலும், எங்கள் சுவிட்சுகளை அதில் ஒட்டி, எல்லாம் போட்டு ஒரு தடவை, எல்லாம் அணைத்து ஒரு தடவை, பிறகு ஒவ்வொன்றை மட்டும் அணைத்து ஒரு தடவை, தானாகவே கட்டிப் பார்க்கிற ஏற்பாடு. சரியாக வந்தால் பச்சை காட்டும், உடைந்தால் சிவப்பு. அதற்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வேண்டும். ஏகாம்பரம் புதிது வாங்கிவிட்டு, பழையதைச் சாக்கு அறையில் போட்டிருந்தார். கேட்டதும் கொடுத்தார், ஆனால் மண்டியை விட்டு வெளியே போகக் கூடாது, அது ராசியானது என்றார். சரி, அங்கேயே இருக்கட்டும். யூசுப் அதற்குள்ளிருந்து ஒரு கை மல்லாட்டைத் தோலை வாரிப்போட்டு, துடைத்து, இணையத்தில் சேர்த்து, அதற்குத் ‘திண்டிவனம்’ என்று பெயர் வைத்தார்.

சில வாரம் எல்லாம் பச்சையாகவே போனது, யாரும் சீந்தவில்லை. அப்புறம் வெளிநாட்டில் ஒருவர் செய்த மாற்றம், குரலை அணைத்துக் கட்டினால் உடைந்தது. உலகத்தில் மற்ற எல்லாச் சோதனைக் கம்ப்யூட்டரிலும் பச்சை. திண்டிவனத்தில் மட்டும் சிவப்பு. அது வெளியே போயிருந்தால் குரலை அணைத்த எங்கள் கடை எதிலும் பில் வந்திருக்காது. அந்தச் சிவப்பை மேலே அனுப்பி, பார்த்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம் என்று எழுதினோம். மறுநாள் பராமரிப்பாளர் எங்கள் சுவிட்சுகளை மொத்தமாக ஏற்றுக்கொண்டார். கூடவே ஒரு விதியும் போட்டார்: திண்டிவனம் பச்சை காட்டாமல் இனி எந்த மாற்றமும் உள்ளே வராது. நான் அறையில் தனியாகக் கை தட்டினேன். யூசுப் அண்ணனுக்குப் போன் போட்டு, நான் இங்கதான் இருப்பேன் என்று சொன்னார்.

அடுத்த வாரமே மேற்கிலிருந்து ஒரு சந்தேகம். தினமும் குறிப்பிட்ட சில மணி நேரம் திண்டிவனம் பதிலே சொல்வதில்லை, எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறோம், ஏன்? பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். சாக்கு இருக்கிற இடம், தீப்பொறிக்குப் பயம். மண்டிக்காரர்கள் கடை சாத்தும்போது மெயின் சுவிட்சை இறக்காமல் போகவே மாட்டார்கள். கம்ப்யூட்டருக்கு மட்டும் தனி லைன் இழுக்கலாமா என்று கேட்டேன். ஏகாம்பரம் முடியாது என்றார். எத்தனை நாட்டுக்காரர்கள் காத்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். அவர் துண்டை எடுத்துத் தோளில் நன்றாகப் போட்டுக்கொண்டார்.

“காத்துக்கினு இருக்கட்டும்மா. காலைல நான் வந்து, கற்பூரம் காட்டி, மெயினப் போட்டு, சரியா இல்லையான்னு பாத்துச் சொல்றேன்னு சொல்லு.”

ஆக, எல்லாவற்றுக்கும் சுவிட்ச் வைத்துக் கொடுத்த எங்கள் கைக்கு எட்டாத ஒரே சுவிட்ச் ஏகாம்பரம் மண்டியின் மெயின்தான், அதற்கு உலகமே காத்திருப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.