நான் கை நீட்டிய ஞாயிற்றுக்கிழமை

மகளுக்குப் பன்னிரண்டு வயதில் போன் வாங்கிக் கொடுத்தவன் நான்தான். பனியன் கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டர், மனைவி அங்கேயே செக்கிங். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வருவோம். பள்ளி விட்டு வந்தவள் வீட்டுக்குள் இருக்கிறாளா என்று தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். "இத்தினியூண்டு புள்ளைக்கு எதுக்குங்க?" என்று மனைவி கேட்டாள். நான் காதில் வாங்கவில்லை. யாருடன் பேசுகிறாய் என்று அடுத்த ஒரு வருடம் மகளிடம் ஒருநாளும் கேட்கவுமில்லை.

அந்த ஞாயிறு மதியம் அடுப்பில் கறி வெந்துகொண்டிருந்தது. மகள் குளிக்கப் போயிருந்தாள். கட்டிலில் கிடந்த போன் விடாமல் சத்தம் போட, எடுத்துப் பார்த்தேன். எவனோ அனுப்பியிருந்தான்: 'நாளைக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வரலைன்னா உன் போட்டோவ அசிங்கமா மாத்தி ஊரெல்லாம் அனுப்புவேன்.'

அது மிரட்டல் என்று யாருக்கும் புரியும். அந்த நேரம் எனக்குப் புரியவில்லை. எவனோ ஒருத்தன், ஒரு போட்டோ, என் மகள். அவ்வளவுதான் மண்டைக்குள் ஏறியது.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவளை, என்ன ஏது என்று கேட்காமல் அறைந்தேன். நாள் முழுக்கத் துணி அடுக்கை அமுக்கிப் பிடிக்கிற கை. அவள் சுழன்று கதவு நிலையில் மோதி விழுந்தாள். முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் அறைந்தேன். பிறகு போனை வாசற்படியில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். தூள்தூளான பிறகும் அடித்தேன். சுத்தியலோடு அவள் பக்கம் திரும்பினேன். அதை வைத்து என்ன செய்ய இருந்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுப்படியிலிருந்து ஓடிவந்த மனைவி பித்தளைச் செம்பால் என் நெற்றியில் ஓங்கி அடித்தாள். அதற்கு முன் என்னிடம் குரல்கூட உயர்த்தாதவள்.

"இன்னொருக்கா அவ மேல கை பட்டுது, உங்களக் கொன்னுபோடுவனுங்க!"

ரத்தம் கண்ணில் வழிய அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூலையில் சுருண்டு கிடந்த மகள் சொன்னாள்: "சொன்னா அடிப்பீங்கன்னுதானுங்கப்பா ரெண்டு மாசமாச் சொல்லல."

மறுநாள் அவளுக்கு இடது காது கேட்கவில்லை. செவிப்பறை கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். எப்படி ஆச்சு என்று அவர் கேட்டதற்கு, "வழுக்கி உழுந்துட்டனுங்க" என்றாள் மகள்.

"இல்லீங்க டாக்டர். நாந்தான் அடிச்சேன்" என்றேன்.

போனில் வந்த மிரட்டலையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டித் தீர்த்தார். அந்தப் பயலைப் பற்றி உடனே புகார் கொடுக்கச் சொன்னதும் அவர்தான். ஸ்டேஷனில் பெண் இன்ஸ்பெக்டர் போனைக் கேட்டார். உடைத்துவிட்டேன் என்றதும், "அவனுக்கு நல்லது பண்ணிருக்கீங்க" என்றார். நல்லவேளையாக, மகள் தன் தோழிக்கு அவன் அனுப்பிய எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் வந்து காட்டினார்கள்.

நான்கே நாளில் அவன் பிடிபட்டான். எங்கள் கம்பெனியிலேயே இஸ்திரி போடுகிறவன். ஆயுத பூஜைக்கு நான் கம்பெனிக்குக் கூட்டிப்போனபோது மகளைப் படமெடுத்திருக்கிறான். ஸ்டேஷனில் அவனைப் பார்த்ததும் பாய்ந்து சட்டையைப் பிடித்தேன். கையை ஓங்கியபோது பின்னால் ஒரு சத்தம். மகள் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோடு ஒடுங்கியிருந்தாள். அவனுக்கு அல்ல, எனக்குத்தான் பயந்திருந்தாள். சட்டையை விட்டுவிட்டேன்.

வழக்கு நடக்கிறது. அவளுக்குக் காது ஏறக்குறைய சரியாகிவிட்டது. வீட்டில் இப்போது எல்லோருக்கும் பொதுவாக ஒரு போன், டிவி பக்கத்தில் இருக்கும். தனிப் போன் பத்தாவது முடித்த பிறகு என்று முடிவெடுத்தவள் மகள்தான், நாங்கள் தலையாட்டினோம்.

போன வாரம் அதில் தெரியாத நம்பரிலிருந்து ஏதோ வந்திருக்கிறது. அவள் அதை எடுத்துக்கொண்டு நேராக அம்மாவிடம் போனாள். நானும் அதே அறையில்தான் இருந்தேன்.