ஒரு மூடி ஆயில்

செவ்வாய்க்கிழமை மதியம் விழுப்புரத்திலிருந்து திரும்பும்போது, கூட்டேரிப்பட்டுப் பாலத்தில் ஏறமாட்டேன் என்று கார் அடம்பிடித்தது. மாசிலாமணி ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தான். முள் நாற்பதிலேயே நின்றது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹார்னிலிருந்து கையை எடுக்காமலே தாண்டிப்போனான். எங்கிருந்தோ அழுகிய முட்டை நாற்றம்.

டயாலிசிஸ் முடிந்து பின்சீட்டில் துவண்டு கிடந்த சவுரியம்மாள் கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"இன்னா மாசிலாமணி, மாட்டு வண்டில போற மாதிரி இருக்குது?"

"டிராபிக்கும்மா."

முன்னால் சாலை காலியாகக் கிடந்தது.

சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் சவுரியம்மாள். தனியாள். இரண்டு வருடமாகச் செவ்வாயும் வெள்ளியும் திண்டிவனத்திலிருந்து அவளை விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவது வாடகைக் கார் ஓட்டும் மாசிலாமணிதான். ஒருமுறை பஸ்ஸில் போகிறேன் என்று கிளம்பி, பஸ் ஸ்டாண்டிலேயே மயங்கி விழுந்தாள். இன்னொருமுறை ஒரு நாள் தவறியதில் நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. படுக்க முடியாமல், தலையணையைக் கட்டிப்பிடித்தபடி அவள் காற்றுக்குத் திணறியதை மாசிலாமணி பார்த்திருக்கிறான். அதன்பிறகு திங்கள், வியாழன் இரவுகளில் அவனுக்கு ஒழுங்கான தூக்கம் கிடையாது.

மறுநாள் காலை மரக்காணம் ரோட்டிலிருக்கும் மெக்கானிக் அரங்கநாதன் ஷெட்டுக்கு வண்டியை உருட்டாத குறையாகக் கொண்டுபோனான். அரங்கநாதன் பானெட்டைத் திறக்கவேயில்லை. இன்ஜினை ஓடவிட்டு, வண்டியின் பின்னால் குந்தி, சைலன்சர் வாயில் உள்ளங்கையைக் காட்டினான்.

"மூச்சே வரல பாரு. சாகக் கெடக்குற ஆளு மாதிரி வுடுது."

பிறகு இன்ஜினை ஒட்டிய புகைக்குழாயில் இருந்த சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையைத் திறந்தபடியே விட்டு ரோட்டில் ஒரு ரவுண்டு போனான். வண்டி இடி இடிக்கிற மாதிரி கத்தியது. ஆனால் பிய்த்துக்கொண்டு ஓடியது.

"புகை போக வழி வுட்டா ஓடுது. அப்ப அடைப்பு அதுக்குப் பின்னால. கன்வெர்ட்டர் போச்சு."

கீழே படுத்து அந்தத் தகர டப்பாவை இறக்கினான். புகையைச் சுத்தப்படுத்தி அனுப்புகிற சாமான் அது. உள்ளே தேன்கூடு மாதிரி நுண்ணிய துளைகள் இருக்கவேண்டும். ஒரு முனையில் டார்ச்சைப் பிடித்து, மறுமுனையில் மாசிலாமணியைப் பார்க்கச் சொன்னான். இருட்டு. உருகி இறுகிப்போன கரிய இருட்டு. ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை.

"மெட்ராஸ்ல போன் போட்டுப் புதுசுக்குச் சொல்லிட்டேன். நாளைக்குக் காலை பஸ்ல வந்துரும்."

மாசிலாமணிக்குப் போன உயிர் வந்தது. அது ஐந்து நிமிடம்கூட நிலைக்கவில்லை. நான்கு பிளக்குகளையும் கழற்றிப் பார்த்த அரங்கநாதன் உதட்டைப் பிதுக்கினான். நான்கிலும் ஈரக்கரி.

"இன்ஜின் ஆயில் குடிக்குதுய்யா. அந்த ஆயில் எரிஞ்சுதான் இது அடைச்சிருக்குது. இன்ஜினப் பிரிக்காம புதுசு மாட்டினா அதையும் முழுங்கிடும். எட்டு நாளு வண்டிய வுட்டுட்டுப் போ."

எட்டு நாள். வெள்ளிக்கிழமை அமாவாசை வேறு. அன்றைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகாத வண்டி திண்டிவனத்தில் ஏது? இருந்தாலும் கார் ஸ்டாண்டு ராயப்பனுக்கு போன் போட்டான்.

"என் வண்டில பதினோரு பேரு ஏறிக்கினு போறாங்க. அந்தம்மாவ இன்னா, ஸ்டெப்னி மேல ஒக்கார வச்சிக்கினு போவட்டா?"

அடுத்த இரண்டு பேரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள்.

போனை வைத்தபின் மாசிலாமணி கழற்றிப் போட்டிருந்த பிளக்குகளைப் பார்த்தான். இன்ஜின் தானாக ஆயில் குடிக்கவில்லை. அவன்தான் ஊட்டிக்கொண்டிருந்தான்.

தொண்ணூற்று நான்கிலிருந்து பதினாலு வருடம் ஆட்டோ ஓட்டியவன். ஆயில் கலக்காமல் பெட்ரோல் போட்டால் அந்த ஆட்டோ இன்ஜின் செத்துவிடும். 2008இல் ஆட்டோவை விற்று இந்தப் பழைய காரை வாங்கியபிறகும், பெட்ரோல் போடும்போதெல்லாம் யாருக்கும் தெரியாமல் ஆட்டோவுக்கு ஊற்றிய அதே டூ-டி ஆயிலில் ஒரு மூடி ஊற்றிவந்தான். பிள்ளைக்கு ஒரு ஸ்பூன் நெய் போலத்தான் அவனுக்கு அது. கொஞ்ச நாளாக வண்டி இழுக்கவில்லையே என்று இரண்டு மூடியாக்கினான். போன மாதம் மூன்று.

கார் ஸ்டாண்டில் யார் வண்டிக்கு என்ன வந்தாலும் "மொதல்ல ஆயிலப் பாத்தியா?" என்று பாடம் எடுக்கிறவன் அவன். இதைச் சொன்னால் ஊரே சிரிக்கும். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை அந்தத் தலையணை.

அரங்கநாதன் இன்ஜினைப் பிரிக்க ஸ்பேனரை எடுத்துவிட்டான்.

"யோவ், இரு. இன்ஜின் நல்லாத்தான் கீது. நான்தான்... பெட்ரோல்ல ஆயில் ஊத்திக்கினு இருந்தேன்."

"இன்னாது?"

"டூ-டி ஆயில். மூணு வருசமா."

அரங்கநாதன் அவனையே பார்த்தான். பிறகு ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"அடப்பாவி, ஆட்டோவ வித்தியே, ஆட்டோக்காரன வித்தியா?"

"சிரிச்சது போதும். நாளைக்கு மாட்டிடு."

"உன் பேச்ச நம்பியா? மீட்டர் சொல்லட்டும்."

பிளக் இருந்த துளைகளில் கம்ப்ரஷன் மீட்டரை ஒவ்வொன்றாகச் சொருகி இன்ஜினைச் சுற்றவிட்டான். முள் ஏறாவிட்டால் இன்ஜின் உள்ளே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொருமுறை முள் எழும்போதும் மாசிலாமணி மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஒன்று, இரண்டு, மூன்று சரியாக இருந்தன. நான்காவதில் முள் சற்றுத் தயங்கியது. பிறகு அதுவும் ஏறிவிட்டது.

"தப்பிச்சே. டேங்கக் காலி பண்ணு, புதுப் பெட்ரோல் போடு. இனிமே அதுல ஒரு சொட்டு வுட்டே, கைய ஒடிச்சிருவேன்."

வியாழன் சாயங்காலம் புது கன்வெர்ட்டர் ஏறியது. வெள்ளிக்கிழமை விடிவதற்குள் சவுரியம்மாள் வாசலில் தயாராக நின்றாள். முகம் உப்பியிருந்தது. விக்கிரவாண்டி தாண்டும்போது, வண்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். இந்தமுறை டிராபிக் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னான்.

"எனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் தண்ணிதான்னு கணக்கு. தாகம் தாங்காம பாத்துக்கினே கெடப்பேன். கேக்காத வண்டிக்கு நீ மூடி மூடியா ஊத்தினியா? நல்லா வருவடா."

இன்ஜின் சத்தத்தில் ஏதாவது மாறுகிறதா என்று மாசிலாமணியின் காது அங்கேயே இருந்தது.

ஏழு மணிக்கு மெஷின் ஓடத் தொடங்கியது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் குழாயில் ரத்தம் நகர்வதைப் பார்த்துவிட்டு வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். இன்னும் நான்கு மணி நேரம். திரும்பிப்போகும் முப்பத்தெட்டு கிலோமீட்டரை அவன் அதற்குள் மனதுக்குள் ஓட்ட ஆரம்பித்திருந்தான்.