தமிழரசியின் கையிலிருந்த தாள்

நண்பரே, உங்களைச் சாட்சியாக அழைத்தே இதைத் தொடங்குகிறேன். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் அடைத்துவிட்டால் ஊரே நின்று பேசத் தொடங்கும் என்பது உங்களுக்கும் தெரியும். இன்று காலை அப்படி நின்றபோது, அருகிலிருந்த மருந்துக் கடைக்கு நடவு வயலிலிருந்து நேரே வந்த ஓர் அம்மாள், கணுக்கால் சேறு காயாத நிலையில், "விடியலேருந்து ஒரே ஷிவரிங்கா இருக்கு தம்பி, மாத்திரை குடுங்க" என்றார். "ஷிவரிங் மட்டுந்தானா, காய்ச்சலும் அடிக்குதா?" என்று கேட்டார் கடைக்காரர். அது அயல்மொழிச் சொல் என்ற நினைப்பே இருவரிடமும் இல்லை. அம்மாள் மாத்திரையோடு போய்விட்டார், ரயில்வே கேட்டும் திறந்துவிட்டது. என்னைத்தான் அந்தச் சொல் பிடித்துக்கொண்டு, கல்லூரிக் கால மேடை ஒன்றுக்கு இழுத்துப் போனது.

அந்நாளில் தஞ்சாவூர் வட்டாரத்துப் பேச்சுப் போட்டிகளில் என் பெயரைக் கேட்டாலே எதிரணி தளரும் என்று நான் உறுதியாக நம்பினேன். எதிரணியினரைக் கேட்டதில்லை, கேட்டிருந்தால் நம்பிக்கை குறைந்திருக்கலாம். "அன்றாட உணர்வுகளைச் சொல்லத் தமிழே போதுமா, ஆங்கிலச் சொற்களும் வேண்டுமா?" என்பது அன்றைய தலைப்பு. வெல்லும் ஒருவர் சென்னையில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போவார். நான்தான் போவேன் என்று நண்பர்கள் முந்தைய நாளே பிளெக்ஸ் அடித்துவிட்டார்கள். அதில் என் படத்தின்கீழ், "சென்னையை வெல்லப் போகும் நாவரசே!" என்றிருந்தது. நான் தடுக்கவில்லை. படம் நன்றாக வந்திருந்தது.

எதிரணியில் பேச வந்தவர் அதிராம்பட்டினம் பக்கத்துப் பெண். பெயர் தமிழரசி, வாதாடியதோ ஆங்கிலத்துக்காக. கையில் ஒரு தாள் வைத்திருந்தார். எங்கள் மேடைப் பயிற்சியில் தாளைத் தொடுவதே குற்றம். எனவே, அவர் வாய் திறக்கும் முன்பே நான் பாதி வென்றுவிட்டதாக எண்ணிக்கொண்டேன்.

அவர் எடுத்துக்கொண்டது நடுக்கம் ஒன்றைத்தான். "குளிருல ஆடுனா ஷிவர். பயத்துல ஆடுனா ட்ரெம்பிள். அழுகை வர்றதுக்கு முன்னாடி உதடு துடிச்சா க்விவர். அருவருப்புல உடம்பு ஒரு உலுக்கு உலுக்குனா ஷடர். 'நினைச்சாலே ஷடர் ஆகுது'ன்னு வெள்ளைக்காரர் சொல்லும்போது கவனிங்க, கையிலிருக்கிற காபி ஒரு சொட்டுகூட சிந்தாது! நாமளோ ஷிவரிங்னு ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டோம். காய்ச்சல் வந்தாலும் ஷிவரிங், வைவா பரீட்சைன்னாலும் ஷிவரிங், பொண்ணு பாக்க வந்தாலும் மாப்பிள்ளைக்கு ஷிவரிங்." அரங்கம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, அவசரமாக முகத்தை இறுக்கிக்கொண்டேன். எத்தனை பேச்சுகள் கேட்டிருக்கிறேன்! ஒரே ஒரு சொல்லை இப்படித் திருப்பித் திருப்பி வெயிலில் காட்டியவர் வேறெவரும் இல்லை.

மறுப்புரையின் முதல் அரை நிமிடம் எதிராளியைச் சீண்டுவதற்கென்றே உரியது. அது எங்கள் மேடை வழக்கம். முதல் கைதட்டல் அங்கேதான் விழும். அவர் பேசும்போது கையிலிருந்த தாள் ஓயாமல் ஆடியதை நான் கவனித்திருந்தேன். ஒலிவாங்கியைப் பற்றிக்கொண்டு குரலை ஏற்றினேன்: "நடுவர் அவர்களே! தோழியார் நடுக்கத்தைப் பற்றிப் பேசினார். அவர் கையிலிருந்த தாளோ அவரைவிட உண்மையாகப் பேசியது. தம் வாதத்தில் தமக்கே நம்பிக்கை இல்லாதவரின் கை நடுங்காமல் என்ன செய்யும்?" சீட்டி பறந்தது. சென்னை ரயிலில் ஏறி அமர்ந்துவிட்டதாகவே உணர்ந்தேன்.

தமிழரசி எழுந்தார். தாளை மேசையில் வைத்துவிட்டு, வெறுங்கையை எல்லோரும் பார்க்க நீட்டினார். கை ஆடிக்கொண்டே இருந்தது.

"அண்ணன் சரியாத்தான் பாத்திருக்காங்க. பேசலேன்னாலும் இது ஆடும். கோலம் போட்டாலும் ஆடும். 'என்னத்துக்குடி பயப்படுற, என்னத்தை மறைக்கிற'ன்னு ஒன்பதாவது வரைக்கும் வீட்டுல கேட்டுக்கிட்டே இருந்தாங்க. தஞ்சாவூர்ல ஒரு டாக்டரம்மா, 'இது ட்ரெமர்மா, நரம்புல வர்ற நடுக்கம், பயத்துல வர்றதில்லை'ன்னாங்க. அன்னையிலேருந்து எங்க அம்மா பக்கத்து வீட்டுல, 'அவளுக்கு ட்ரெமர், அவ்வளவுதான்'னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அதுக்கப்புறம் யாரும் என்னைப் பயந்தாங்கொள்ளின்னு சொன்னதில்லை, இன்னைக்கு அண்ணன் சொல்ற வரைக்கும். அந்த ஒரு சொல்லு எனக்கு வேணுங்க."

அவ்வளவுதான். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. கைதட்டலும் உடனே வரவில்லை, வந்தபோது நிற்கவில்லை. நான் தட்டினேனா என்று கேட்காதீர்கள். தட்டினேன், மெதுவாக.

சென்னைக்கு அவர்தான் போனார். அந்தப் போட்டி நின்று சில ஆண்டுகள் ஆகின்றன. அரங்கத்தை இடித்துவிட்டு மோட்டார் சைக்கிள் விற்கிறார்கள். மறுப்புரை என்ற ஒன்றே இப்போது இல்லை. பிள்ளைகள் ஒரு நிமிடம் கைப்பேசியைப் பார்த்துப் பேசி அனுப்பிவிடுகிறார்கள், எதிரே மறுமொழி சொல்ல யாரும் நிற்பதில்லை. என் பிளெக்ஸைக் கடைசியாக ஒரு வைக்கோல் போரின்மேல் கண்டேன். மழைக்கு நன்றாகத்தான் உதவியது.

ஆனால் அன்று மாலையைச் சொல்லிவிட வேண்டும். அரங்கத்துக்கு எதிரே டீக்கடையில் தமிழரசி தம் தோழிகளோடு நின்றிருந்தார். "அரை டம்ளரா ரெண்டு தடவை குடுங்கண்ணே, முழுசா ஊத்துனா தரைதான் குடிக்கும்" என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். என் நண்பர்கள் பின்னால் நிற்க, நான் அருகே போய், தரையைப் பார்த்து மன்னிப்புப் போல ஏதோ சொன்னேன்.

"என்னங்க முணுமுணுக்கிறீங்க? மத்தியானம் கூரை அதிரப் பேசுனீங்களே, அந்தக் குரல்ல சொல்லுங்க. உங்க ஆளுங்களுக்கும் கேக்கட்டும்."

அவருடைய தோழிகள் சிரித்தார்கள். என் நண்பர்கள் சிரிக்கவில்லை. நிமிர்ந்தேன். ஒலிவாங்கி இல்லை, பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. தெருவே திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன்:

"இனி எந்த மேடையிலும் எதிரே நிற்பவரின் சொல்லோடு மட்டுமே மோதுவேன். அவர் உடம்பை என் வாதமாக்க மாட்டேன். அதனால் ஒரு கைதட்டல்கூட எனக்குக் கிடைக்காமல் போனாலும் சரி."